ஸ்பீக்கர் விலையும் சேத்து நண்டும்

(முன்னாள் மாணவர் சங்கக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை அங்கங்கே அப்படியே விடப்பட்டுள்ளது.)



சங்கச் செயலாளர் போன் செய்து, "நீ ஸ்பீக்கர் தயாரிக்கிற இடத்துலதானே இருக்கே, அதைப் பத்தி இருபது நிமிஷம் பேசு. குடும்பத்தோட வர்றாங்க, அதனால ஃபார்முலா எதுவும் போடாதே" என்றார். ஃபார்முலா போடாதே என்று ஒரு எஞ்சினீயரிடம் சொல்வது, உப்புப் போடாமல் சமை என்று சொல்கிற மாதிரி. ஆனாலும் யோசித்துப் பார்த்தேன். இந்தத் தொழிலுக்கு வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. இதுவரை யாரும் என்னிடம் ஃபார்முலா கேட்டதில்லை. எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான். "ரெண்டு மரப்பெட்டி, உள்ளே ரெண்டு காந்தம், கொஞ்சம் கம்பி. இதுக்கு ஒரு லட்ச ரூபாயா?" அதற்குத்தான் இன்றைக்குப் பதில் சொல்லப் போகிறேன்.

இந்தக் கேள்வியை எல்லாரையும்விடக் கூர்மையாகக் கேட்டவர் எங்கள் சித்தப்பா. நான் பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்தில் பிறந்தவன் என்பது என் ஹாஸ்டல் நண்பர்களுக்குத் தெரியும். லீவு முடிந்து நான் கொண்டுவரும் கருவாட்டுப் பொட்டலத்தின் வாசனை தெரியாதவர்கள் அந்த மாடியில் யாரும் இல்லை. சித்தப்பா அந்த ஏரியில் நண்டு பிடிப்பவர். நான் வடிவமைத்த ஸ்பீக்கரின் கடை விலையைக் கேட்டதும் அவர் சிரிக்கவில்லை. "ஏண்டா தம்பி, இதுல உன் கைக்கு எவ்வளவு வருது?" என்றார். நான் சொன்னேன். "அப்போ மீதி எங்கே போவுது?" என்றார். நான் பிடிக்கிற நண்டு என்ன விலைக்குப் போகிறது, அதே நண்டு ஊர் தாண்டி என்ன விலைக்கு விற்கிறது என்று நாற்பது வருஷமாக அவர் தனக்குள்ளே கேட்டுக்கொண்டிருந்த கேள்விதான் அது. ஆகவே அவருக்கு நண்டை வைத்தே பதில் சொன்னேன். உங்களுக்கும் அப்படியே சொல்கிறேன். புரியவில்லை என்றால் குற்றம் நண்டுடையது அல்ல.

முதலில் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். ஒரு காகிதக் கோன். அதன் பின்னால் மெல்லிய செம்புக் கம்பிச் சுருள். அந்தச் சுருள் ஒரு காந்தத்தின் நடுவே உள்ள இடுக்கில் உரசாமல் முன்னும் பின்னும் ஆட வேண்டும். சுருளுக்கும் இடுக்கின் சுவருக்கும் நடுவே மிஞ்சுகிற இடம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் வேலை பார்த்த ரைஸ், கெல்லாக் என்ற இருவர் 1925-ல் வெளியிட்ட கட்டுரையில் இருப்பதும் ஏறக்குறைய இதே அமைப்புதான். நூறு வருஷமாக அடிப்படை மாறவில்லை. அதனால்தான் ஜனங்கள், "நூறு வருஷத்துப் பழைய சாமானுக்கு எதுக்கு இந்த விலை" என்கிறார்கள். நியாயம்தான். ஆனால் நெசவு ஆயிரக்கணக்கான வருஷத்துப் பழைய வேலை. அதற்காகக் காஞ்சிபுரம் பட்டு மலிவாகக் கிடைக்கிறதா?

இந்த அமைப்பு ரொம்பச் சோம்பேறி. வீட்டில் வைக்கிற ஒரு சாதாரண ஹை-ஃபை ஸ்பீக்கருக்கு 100 வாட் மின்சாரம் கொடுத்தால், ஒலியாக வெளியே வருவது அரை வாட் அளவுதான். மீதியெல்லாம் சுருளில் சூடாகப் போய்விடும். அந்தச் சூட்டில் பசை இளகக் கூடாது, கம்பி கருகக் கூடாது, கோன் கோணக் கூடாது. தாழ்ந்த சுருதிக்குப் பெரிய கோன், உயர்ந்த சுருதிக்குச் சின்ன ட்வீட்டர். இரண்டுக்கும் நடுவே சங்கீதத்தைப் பிரித்துக் கொடுக்க கிராஸ்ஓவர் என்று ஒரு சின்ன சர்க்யூட். இதையெல்லாம் தாங்க ஒரு பெட்டி. பெட்டி தானாகப் பாடக் கூடாது, அதுதான் அதன் வேலை. அதற்காகக் கனமான எம்.டி.எஃப். பலகை, உள்ளே குறுக்குச் சட்டங்கள், வெளியே நல்ல மர வெனீர், மூலை மூலையாகத் தேய்த்துப் பாலிஷ். உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும், பல ஸ்பீக்கர்களில் உள்ளே இருக்கும் காந்தம், கோன் இவற்றைவிடப் பெட்டிக்குத்தான் அதிகச் செலவு. சித்தப்பாவிடம் சொன்னதும் உடனே பிடித்துக்கொண்டார். "அப்போ நீங்க தச்சு வேலைதான் விக்கிறீங்க" என்றார். பாதி உண்மை.

மீதிப் பாதி, பொறுக்கி எடுப்பதில் இருக்கிறது. இங்கேதான் நண்டு உள்ளே வருகிறது.

எங்கள் ஊர்ச் சேத்து நண்டு உயிரோடு விலை போகிற சரக்கு. பிடித்ததும் கொடுக்குகளைக் கயிற்றால் கட்டி, ஈரச் சாக்கில் வைப்பார்கள். ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் தண்ணீருக்கு வெளியே சில நாள் உயிரோடு இருக்கும். செத்துவிட்டால் அதற்கு மதிப்பே இல்லை. கரையில் ஏஜென்ட் தராசோடு உட்கார்ந்திருப்பார். முதலில் எடை அல்ல, கட்டை விரல். நண்டைத் திருப்பி, ஓட்டை அழுத்திப் பார்ப்பார். அமுங்கினால் "தண்ணி நண்டு". அதாவது சமீபத்தில் சட்டை உரித்த நண்டு. ஓடு பெரிசாக இருக்கும், உள்ளே சதை இருக்காது, தண்ணீர்தான். அது தனிக் குவியல், விலையும் ரொம்பக் கீழே. கால் உடைந்தது ஒரு குவியல். சிறிசு ஒரு குவியல். நல்ல கனமான, முழுக் கொடுக்குள்ள நண்டுதான் சென்னை வழியாக விமானம் ஏறும். வெளிநாட்டு ஓட்டலில் தட்டில் வரும் நண்டின் விலையில், தட்டுக்கு வராத நண்டுகளின் விலையும் சேர்ந்திருக்கிறது. கணக்குக்காக, 100 கிலோ வாங்கி வழியில் 10 கிலோ சாவு, இளைப்பு என்று கழிந்துபோகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 90 கிலோதான் அந்த 100 கிலோவின் பாரத்தைச் சுமக்க வேண்டும். ஒருவரும் ஒரு பைசா லாபம் வைக்காமலே விலை 11 சதவிகிதம் ஏறிவிட்டது.

ஸ்பீக்கரும் அப்படியே. ஒரே அச்சில், ஒரே நாளில் செய்த நூறு ட்வீட்டர்களை அளந்து பார்த்தால் நூறும் ஒரே மாதிரி இருக்காது. பசை ஒரு துளி கூடும், கோன் ஒரு இழை தடிக்கும். மலிவு ஸ்பீக்கரில் அப்படியே மாட்டி அனுப்பிவிடலாம். நல்ல ஸ்பீக்கரில் இடது பெட்டியும் வலது பெட்டியும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்க வேண்டும். இல்லையென்றால் பாடகர் நடுவில் நிற்க மாட்டார், ஒரு பக்கமாக நகர்ந்துவிடுவார். பி.பி.சி. வானொலிக்காரர்கள் வெளிப்புற ஒலிபரப்பு வண்டிக்குள் வைத்துக் கேட்பதற்காக 1970-களில் எல்.எஸ்.3/5ஏ என்று ஒரு குட்டி ஸ்பீக்கர் வடிவமைத்தார்கள். அதைச் செய்து விற்கப் பல கம்பெனிகளுக்கு லைசென்ஸ் கொடுத்தார்கள். செருப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். அதன் கிராஸ்ஓவரில், வருகிற ட்வீட்டரின் குணத்துக்கு ஏற்ப மாற்றிப் பற்றவைக்கச் சுருளில் பல முனைகள் எடுத்து விட்டிருந்தார்கள். ஒவ்வொரு பெட்டியையும் அளந்து, இந்த முனையா அந்த முனையா என்று ஒரு ஆள் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். அந்த ஆளின் சம்பளம் எந்த உதிரிப்பாகப் பட்டியலிலும் தெரியாது. கட்டை விரலால் அழுத்திப் பார்க்கிற எங்கள் ஊர் ஏஜென்ட்டின் வேலைதான் அது.

அடுத்தது எண்ணிக்கை. ஒரு புது ஸ்பீக்கருக்கு அச்சு, மாதிரிப் பெட்டிகள், அளவெடுக்கும் செலவு எல்லாம் சேர்த்து 10 லட்ச ரூபாய் ஆகிறது என்று வைப்போம். இது நான் உதாரணத்துக்குச் சொல்கிற எண். ஒரு லட்சம் ஜோடி விற்றால் ஜோடிக்கு 10 ரூபாய். 200 ஜோடிதான் விற்கும் என்றால் ஜோடிக்கு 5,000 ரூபாய். அதே அச்சு, அதே ஆள், அதே உழைப்பு. சிறப்பு ஹை-ஃபை என்று சொல்லப்படும் தொழிலில் பெரும்பாலானவர்கள் இந்த இருநூறுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள்தான். ரிச்சி தெருவில் நீங்கள் வாங்குகிற புளூடூத் ஸ்பீக்கர் அந்த ஒரு லட்சத்தைச் சேர்ந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்து, "அது ஆயிரத்துக்குக் கிடைக்குது, இது ஏன் லட்சம்" என்று கேட்பது, ஹாஸ்டல் மெஸ் சாப்பாட்டையும் வீட்டுக்கு வந்து சமைத்துக் கொடுக்கிற சமையல்காரரின் சாப்பாட்டையும் ஒப்பிடுகிற மாதிரி. மெஸ் சாப்பாட்டைக் குறை சொல்லவில்லை, மெஸ் கமிட்டித் தலைவரும் இங்கே உட்கார்ந்திருக்கிறார்.

சரி, பெட்டி தயார். இனிமேல்தான் சித்தப்பா கேட்ட "மீதி எங்கே போவுது" என்பதற்கான பதில். வெளிநாட்டில் செய்து இங்கே கடைக்கு வரும் ஒரு ஜோடியை எடுத்துக்கொள்வோம். கடை விலை ஒரு லட்சம். இந்தத் தொழிலில் வழக்கமாக இருக்கிற பங்குகளை வைத்து ஒரு குத்துமதிப்புக் கணக்கு. 18 சதவிகித ஜி.எஸ்.டி. உள்ளே இருக்கிறது. அது போனால் சுமார் 85,000. கடைக்காரரின் பங்கு அதில் 35 சதவிகிதம் போல, 30,000. மீதி 55,000. இறக்குமதி செய்து ஊர் ஊராகக் கொடுக்கிற விநியோகஸ்தர் 16,000. மீதி 39,000. கப்பல் கூலி, இன்சூரன்ஸ், சுங்க வரி இவற்றுக்கு 10,000. தொழிற்சாலைக்குப் போய்ச் சேர்வது 29,000. அந்த 29,000-ல் பாதி, என் போன்றவர்கள் சம்பளம், வாடகை, விளம்பரம், வாரண்டி, லாபம். பலகை, காந்தம், கம்பி, பூட்டுகிற ஆளின் கூலி இவற்றுக்கு மிஞ்சுவது 14,500. ஒரு லட்ச ரூபாய் கொடுத்தவர் கையில் வாங்கிப் போவது ஏழில் ஒரு பங்கு சாமான். கம்பெனிக்குக் கம்பெனி எண்கள் மாறும். சொந்த நாட்டிலேயே விற்றால் ஏழுக்குப் பதில் நான்கு, ஐந்து மடங்கு. ஆனால் உருவம் இதுதான்.

இதைக் கேட்டதும் எல்லாருக்கும் கோபம் கடைக்காரர் மேல்தான் வரும். 30,000 ரூபாய், எதற்கு? ஒரு பெட்டியை எடுத்துக் கொடுத்ததற்கா? நான் அவருக்கு வக்கீல் அல்ல. என் சம்பளத்துக்கும் அவர் லாபத்துக்கும் அடிக்கடி சண்டைதான். ஆனாலும் அவர் பக்கம் கொஞ்சம் நின்று பாருங்கள். நகரத்தின் நல்ல தெருவில் அமைதியான ஒரு அறை வைத்திருக்கிறார். சுவருக்கு ஒலி உறிஞ்சும் பலகை அடித்திருக்கிறார். ஒரு ஜோடியைக் கேட்டுப் பார்க்க என்றே பிரித்து வைத்திருக்கிறார், அதைக் கடைசியில் பாதி விலைக்குத்தான் தள்ள முடியும். ஞாயிற்றுக்கிழமை வந்து மூன்று மணி நேரம் பாட்டுக் கேட்டுவிட்டு, டீயும் குடித்துவிட்டு, "வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்" என்று போகிறவர்கள் பத்துப் பேர். வாங்குகிறவர் ஒருவர். அந்த ஒருவரின் பில்லில்தான் பத்துப் பேரின் டீயும் இருக்கிறது. 55,000 கொடுத்து வாங்கி வைத்த சரக்கு ஒரு வருஷம் நின்றுவிட்டால், 12 சதவிகித வட்டிக்கு 6,600 ரூபாய் அங்கேயே கரைந்துவிட்டது. எங்கள் தொழிலில் சரக்கு வேகமாக ஓடாது. மளிகைக் கடைக்காரர் சிறிய லாபத்தை வருஷத்தில் இருபது முறை எடுப்பார். ஸ்பீக்கர் கடைக்காரர் பெரிய லாபத்தை ஒரு முறைதான் எடுப்பார். அந்த 30,000-ல் பெரும்பகுதி, காத்திருப்பதற்கான கூலி.

விமானத்தில் அனுப்பினால் இன்னொரு வேடிக்கை. சரக்கு விமானத்தில் எடையை மட்டும் பார்க்க மாட்டார்கள், அடைக்கிற இடத்தையும் கணக்கிடுவார்கள். 6,000 கன சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ என்பது வழக்கம். 120-க்கு 40-க்கு 50 சென்டிமீட்டர் அட்டைப்பெட்டியில் 25 கிலோ ஸ்பீக்கர் இருந்தாலும் 40 கிலோவுக்குக் கூலி. ஸ்பீக்கர் என்பது உள்ளே காற்றுள்ள பெட்டி. அந்தக் காற்றுக்கும் நாம் டிக்கெட் எடுக்கிறோம். இதைச் சொன்னபோதுதான் சித்தப்பா சிரித்தார். "நண்டு பரவாயில்லடா, இடத்தை அடைக்காது" என்றார்.

இப்போது அவர் கதைக்கு வருகிறேன், இதுதான் எனக்கு முக்கியம். ஸ்பீக்கர் கடைக்காரரால் ஒரு வருஷம் காத்திருக்க முடிகிறது, அதற்குக் கூலியும் கிடைக்கிறது. சித்தப்பாவால் ஒரு நாள்கூடக் காத்திருக்க முடியாது. நண்டு சாகும், அது ஒரு காரணம். இன்னொரு காரணம் முன்பணம். வலை வாங்க, படகுக்கு, எஞ்சினுக்கு, வீட்டில் ஒரு கல்யாணத்துக்கு என்று வியாபாரியிடம் பணம் வாங்கியிருப்பார்கள். வட்டி என்று தனியாக ஒன்றும் இருக்காது. பிடிப்பதை அவரிடமே போட வேண்டும், விலையை அவர் சொல்வார். அதுதான் வட்டி. மழை பொய்த்து, முகத்துவாரம் மண் மேடிட்டு மூடிக்கொண்டால் ஏரிக்குள் கடல் தண்ணீர் வராது, பிடிப்பும் குறையும். அந்த மாதங்களில் யார் சோறு போடுகிறார்? அதே வியாபாரிதான் மறுபடியும் பணம் கொடுப்பார். அதனால் அவரைத் திருடன் என்று சொல்ல எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு வாய் வராது. எனக்கும் வராது. அவரும் அங்கிருந்து மேலே இருக்கிற ஏற்றுமதிக்காரரிடம் முன்பணம் வாங்கியவராகத்தான் பெரும்பாலும் இருப்பார்.

இது புதுசு என்று நினைக்காதீர்கள். எங்கள் ஊருக்கு 1610 வாக்கில் டச்சுக்காரர்கள் வந்தார்கள். 1613-ல் கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. பல பத்தாண்டுகள் சோழமண்டலக் கரையில் அவர்களுக்குத் தலைமையிடம் பழவேற்காடுதான். இன்றைக்கும் டச்சுக் கல்லறைகளைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். அவர்கள் இங்கே வந்தது மீனுக்காக அல்ல, துணிக்காக. இந்தோனேசியத் தீவுகளில் மிளகு, கிராம்பு, ஜாதிக்காய் வாங்க வெள்ளியைவிட நம் ஊர்த் துணி நன்றாகச் செல்லுபடியானது. உள்ளூர் வணிகர்களிடம் முன்பணம் கொடுப்பார்கள். அந்த வணிகர்கள் நெசவாளிக்கு முன்பணம் கொடுப்பார்கள். நெசவாளி தறியில் உட்கார்ந்த நாளிலிருந்து கடைசியில் அந்த வாசனைச் சரக்கு ஐரோப்பாவில் விற்றுக் காசாகும் நாள் வரை வருஷக் கணக்கில் ஆகும். கப்பல் மூழ்கினால் போச்சு. அந்த வருஷங்களைத் தாங்கக் கையில் முதல் இருந்தவர்கள் கோட்டை கட்டினார்கள். நெசவாளிக்குக் கிடைத்தது அடுத்த முன்பணம். நாலு நூற்றாண்டு ஆகிவிட்டது. துணி போய் நண்டு வந்திருக்கிறது.

இந்த இடத்தில் ஒருவர் எழுந்து, "எல்லா விலையும் நியாயம்தான்னு சொல்ல வர்றியா?" என்று கேட்கலாம். இல்லை. என் தொழிலிலேயே பித்தலாட்டம் இருக்கிறது. விலை ஏற ஏறத்தான் மதிப்பு என்று சில பணக்காரர்களுக்கு ஒரு எண்ணம் உண்டு. அதைத் தெரிந்துகொண்டு விலை வைப்பவர்களும் உண்டு. ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1994-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். அதே ஸ்பீக்கர்களை ஒரு முறை கண்ணால் பார்த்தபடி கேட்கச் செய்து மதிப்பெண் போடச் சொன்னார்கள். இன்னொரு முறை திரைக்குப் பின்னால் மறைத்து வைத்துக் கேட்கச் செய்தார்கள். மதிப்பெண்கள் மாறிவிட்டன. பெரிசு, அழகு, பெயர் இவையெல்லாம் காதுக்குள் புகுந்து வேலை செய்கின்றன. இத்தனைக்கும் கேட்டவர்கள் அதே தொழிலில் இருப்பவர்கள். ஆகவே நீங்கள் வாங்கப் போனால், நன்றாகத் தெரிந்த ஒரு பாட்டை எடுத்துப் போங்கள், கண்ணை மூடிக்கொள்ளுங்கள், விலையைக் கடைசியில் கேளுங்கள். எங்கள் ஏஜென்ட்டின் கட்டை விரல் மாதிரி. நண்டின் ஓடு எவ்வளவு பளபளப்பு என்று அவர் பார்ப்பதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மலிவு என்றால் மட்டம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எங்கள் குப்பத்துக் கோயில் திருவிழாவில் தென்னை மரத்தில் கட்டுகிறார்களே, குழாய் ஸ்பீக்கர், போலீஸ் நோட்டீசில் "கூம்பு வடிவ ஒலிபெருக்கி" என்று போட்டிருப்பார்கள், அது. நான் செய்கிற ஸ்பீக்கரைவிட விலையில் பல மடங்கு குறைவு. கொடுத்த மின்சாரத்தை ஒலியாக மாற்றுவதிலோ அது பல மடங்கு கெட்டிக்காரன். அந்தக் குழாயின் வடிவமே அதற்குத்தான். பேஸ் வராது, சங்கீதம் கேட்க முடியாது, ஆனால் மனிதன் பேசுவது ஊர்க்கோடி வரைக்கும் கேட்கும். புதுச்சேரிக் கடற்கரைக் கிராமங்களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களின் கடைசியில் தகவல் மையங்கள் வைத்து, கடல் அலை எவ்வளவு உயரம் என்பதை இந்த ஒலிபெருக்கியில்தான் தினமும் சொல்லிவந்தது. 2004 டிசம்பர் 26 காலையில் நல்லவாடு கிராமத்துக்காரர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து போன் செய்து எச்சரித்தார். ஊர்க்காரர்கள் மையத்து ஒலிபெருக்கியில் எல்லாரையும் ஓடச் சொன்னார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஜனங்கள் உள்ள ஊர். வீடும் படகும் போயின, உயிர் போகவில்லை. விலை என்பது ஒரு சாமான் நமக்கு எவ்வளவு உபயோகம் என்பதைச் சொல்வதே இல்லை. எத்தனை பேர் வாங்குகிறார்கள், எவ்வளவு கழிகிறது, எவ்வளவு நாள் நிற்கிறது, இவற்றைத்தான் சொல்கிறது.

இப்போது சில ஸ்பீக்கர் கம்பெனிகள் கடையே வேண்டாம் என்று இணையத்தில் நேராக விற்கின்றன. விலை குறைந்திருப்பது உண்மை. ஆனால் கடைக்காரர் செய்த வேலை மறையவில்லை, இடம் மாறியிருக்கிறது. வீட்டில் முப்பது நாள் கேட்டுப் பாருங்கள், பிடிக்கவில்லையென்றால் திருப்பி அனுப்புங்கள் என்கிறார்கள். திரும்பி வருகிற அந்தப் பெரிய பெட்டியின் லாரிக் கூலியும், மூலை நசுங்கிய வெனீரும் கம்பெனி தலையில். எங்கள் ஊர்ப் பையன்களும் வாட்ஸ்அப்பில் படம் போட்டுச் சென்னைக்கு நேராக நண்டு விற்றுப் பார்க்கிறார்கள். ஐந்து கிலோ பத்து கிலோவுக்கு நன்றாக நடக்கிறது. ஒரு நாள் எண்பது கிலோ பிடிபட்டால் வாட்ஸ்அப் வாங்கிக்கொள்வதில்லை, ஏஜென்ட்தான் வாங்கிக்கொள்கிறார். ஆளை நடுவிலிருந்து எடுத்துவிடலாம். அவர் செய்த வேலையை இன்னொருவர் செய்துதான் ஆக வேண்டும்.

அப்படியென்றால் அந்த வேலையில் எதை ஊர்க்காரர்களே செய்யலாம்? தண்ணி நண்டு என்றேனே, அந்தக் குவியலைப் பாருங்கள். அடிமாட்டு விலைக்குப் போகிற அந்த நண்டை, நல்ல உவர்நீரில் தனித்தனியாக வைத்துத் தீனி போட்டால் மூன்று நான்கு வாரத்தில் சதை பிடித்துவிடும். பிறகு அது முதல்தரச் சரக்கு. தனித்தனியாக என்று ஏன் சொல்கிறேன் என்றால், ஒன்றையொன்று தின்றுவிடும். ஓடு மெதுவாக இருப்பவனைத்தான் முதலில் தின்னும். இந்த முறை ஒன்றும் ரகசியம் அல்ல. சென்னையிலேயே மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, கேட்டால் சொல்லித் தருவார்கள். பல இடங்களில் வியாபாரிகள் இதைச் செய்துதான் சம்பாதிக்கிறார்கள். ஸ்பீக்கர் கடைக்காரருக்குக் கிடைக்கிற அதே காத்திருக்கும் கூலிதான் இது. எங்கள் ஆட்களால் முடியாததற்கு, மூன்று வாரம் அடுப்பு எரிய வேண்டுமே என்பது ஒரு காரணம். இன்னொன்று, மின்சாரம் போகிற ராத்திரியில் காற்று பம்ப் நின்றால் காலையில் தொட்டியில் எல்லாம் மிதக்கும் என்ற பயம்.

முதல் காரணத்துக்குப் பணம் வேண்டும். குப்பத்தில் பத்துக் குடும்பங்கள் சேர்ந்து மாதம் ஒரு தொகை போட்டுவருகிறார்கள். இந்த மூன்று வாரத்துக்கு முன்பணம் வாங்காமல் சாப்பிட அது பயன்படும். இரண்டாவது காரணம் நம் ஆட்களுக்கான வேலை. நூறு அறை உள்ள ஒரு நண்டுத் தொட்டி, சூரிய மின்சாரத்தில் ஓடும் பம்ப், பம்ப் நின்றால் போனில் கூப்பிடுகிற ஒரு சின்ன அலாரம். அலாரத்தை நான் பார்த்துக்கொள்கிறேன், எனக்குச் சத்தம் போட வைக்கத் தெரியும். தொட்டிக்குச் சிவில் ஆள் ஒருவர் வேண்டும், உப்புக் காற்றில் துருப்பிடிக்காத பம்புக்கு மெக்கானிக்கல் ஆள் ஒருவர். 2010 செட் மெக்கானிக்கல் பசங்க கடைசி வரிசையில் தலையைக் குனிந்துகொள்வது தெரிகிறது.

வருகிறவர்கள் ரயிலில் பொன்னேரி வரை வந்து அங்கிருந்து பஸ் பிடிக்கலாம். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையிலேயே வந்துவிடுங்கள், தராசு எடுத்து வைக்கும் நேரத்துக்குக் கரையில் நின்றால்தான் குவியல் பிரிப்பதைப் பார்க்க முடியும். மதியச் சாப்பாடு சித்தப்பா வீட்டில். கால் உடைந்த குவியலிலிருந்துதான் குழம்பு வைப்பார்கள், ருசியில் ஒரு குறையும் இருக்காது.